மூன்றாம் மேட்டுக்குச் சாட்சி

மியாகாவ் என்ற கடற்கரை ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் எஃப் எழுத்தில்தான் தொடங்கும். அதனால் டெல்ஃபின் ஃபமாடிட்டும் பிட்டோய் ஃபவுலானும் பள்ளிக்கூட வருகைப் பதிவிலிருந்து மாலுமிக் கல்லூரி அணிவகுப்பு வரை ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒருவனாகவே நின்று வளர்ந்தார்கள். எழுத்து வரிசைப்படி டெல்ஃபின்தான் முன்னால். ஆனால் வாத்தியார் ‘ஃபமாடிட்’ என்று கூப்பிடும்போது தலை நிமிராமலே கூப்பிடுவார். ‘ஃபவுலான்’ என்று வந்ததும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்ப்பார், வகுப்பே சிரிக்கத் தயாராகும். டெல்ஃபினுக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

கூடைப்பந்தில் பிட்டோய் கைவைத்தால் பந்து வளையத்துக்குள் விழும். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் கிழவிகள்கூடத் தட்டை வைத்துவிட்டுக் கேட்பார்கள். டெல்ஃபினின் மனைவி நெரிஸா, பிட்டோய் பாடினால் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வருவாள். டெல்ஃபின் பாடினால் அடுப்பில் சட்டி இருக்கிறது என்று உள்ளே போய்விடுவாள். போதாததற்கு, டெல்ஃபினின் மகனுக்கு ஞானஸ்நானத் தகப்பனாக பிட்டோயைத்தான் நிறுத்த வேண்டும் என்று அடம் பிடித்ததும் அவள்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ‘பரே’ என்று அந்த ஞான உறவு முறை வைத்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் பதிலாக டெல்ஃபினிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவன் தோளில் கோடு போட்ட அதிகாரி. பிட்டோய் சாதாரண மாலுமி. பிட்டோயும் அதிகாரிப் பரீட்சையில் தேறியவன்தான். ஆனால் அதிகாரி வேலைக்குப் போனால், அதிகாரியாகக் கப்பலில் இருந்த அனுபவம் எங்கே என்று ஏஜென்சிக்காரர்கள் கேட்பார்கள். வேலை இருந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. இந்தச் செக்கில் சுற்றுகிறவர்கள் அந்தக் கடற்கரை முழுக்க இருக்கிறார்கள். பிட்டோயும் அதில் ஒருவனாக, உரிமத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, கயிறு இழுக்கவும் துருச் சுரண்டவும் போய்க்கொண்டிருந்தான். டெல்ஃபின் தன் வீட்டு இரும்புக் கேட்டில் நங்கூரம் வார்த்துப் பொன்வர்ணம் அடித்திருந்தான். பிட்டோய் வீட்டில் மூங்கில் படல். அந்தப் படலைக் கடந்து போகும்போதெல்லாம் டெல்ஃபினுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

அந்தப் பாலில் உப்பைப் போட்டது ‘அல்தியா’ என்ற சரக்குக் கப்பல்.

அதில் டெல்ஃபின் மூன்றாம் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழே இருக்கும் மூன்று மேட் அதிகாரிகளில் கடைசி ஆளாகப் போனான், பிட்டோய் மாலுமியாகப் போனான். நடுக்கடலில் இரண்டாம் மேட் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள, அவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கி அனுப்பினார்கள். கேப்டன் துப்பாஸ் டெல்ஃபினை இரண்டாம் மேட்டாக ஏற்றினார். டெல்ஃபின் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பிட்டோயை மூன்றாம் மேட்டாகத் தூக்கி வைத்தார். அதோடு சந்தோஷம் செத்தது.

எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை கப்பலை ஓட்டுவது மூன்றாம் மேட்டின் முறை. பன்னிரண்டுக்கு இரண்டாம் மேட் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். டெல்ஃபின் நண்பகலில் படியேறும்போதே மேலே கேப்டன் வாய்விட்டுச் சிரிப்பது கேட்கும். இவன் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும். தினமும் இதே கதை. தனக்கு என்று கேப்டன் ஒரு நாளாவது சிரித்தாரா என்று நான்கு மணிவரை யோசித்துக்கொண்டே டெல்ஃபின் கப்பலை ஓட்டினான்.

பிறகு முதலாளி திவாலானான். ஆப்பிரிக்கக் கரையோரம் சம்பளமும் எண்ணெயும் இல்லாமல் கப்பல் நங்கூரத்தில் கிடந்தது. கேப்டனுக்கு நெஞ்சுவலி வந்து படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே இறந்துபோனார். மற்றவர்களைப் பின்னால் விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கம்பெனி இல்லை, காகிதம் இல்லை. பிட்டோய் மூன்றாம் மேட்டாக இருந்ததற்கு ஒரு பொட்டு மையும் எங்கும் இல்லை. டெல்ஃபின் உலகம் பழையபடி நிமிர்ந்து நின்றது.

இப்போது டெல்ஃபினுக்கு நல்ல காலம். ஒரு புதிய எண்ணெய்க் கப்பலில் முதல் மேட் இடம் அவனுக்காகக் காத்திருந்தது. அதற்கு வேண்டியதெல்லாம் அல்தியாவில் இரண்டாம் மேட்டாக இருந்த காலத்தைக் கடல்துறை அலுவலகம் ஏற்றுக்கொண்டு உரிமத்தை உயர்த்தித் தருவதுதான். அந்தக் கவலை அவனுக்கு இல்லை. அவனுடைய சேவைப் புத்தகத்தில் கேப்டன் துப்பாஸின் கையெழுத்து இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து பிட்டோய் ஒரு கட்டு கருவாட்டோடு வந்து உட்கார்ந்தான்.

“பரே, எனக்கு ஒரு சாட்சி வேணும். அல்தியால நான் மூணாம் மேட்டா இருந்தேன்னு நீ சத்தியம் பண்ணி எழுதித் தரணும். கூட இருந்த அதிகாரி சொன்னா ஏத்துக்கறோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

“நான்தான் கிடைச்சேனா?”

“பின்ன யாரு? கேப்டன் கல்லறையில இருக்காரு, தட்டி எழுப்பவா? முதல் மேட் அந்தக் குரோஷியாக்காரன். கப்பல்ல இருக்கும்போதே வாயத் திறக்காதவன், இப்பவா திறக்கப்போறான்? பழைய ரெண்டாம் மேட் அதுக்கு முன்னாடியே இடுப்ப ஒடச்சிக்கிட்டுப் போயிட்டாரு. நீ ஒருத்தன்தான்டா மிச்சம்.”

“பாக்கறேன்.”

“பாக்கறதுக்கு என்ன இருக்கு? பாத்ததத்தானே எழுதப்போற?” என்று பிட்டோய் சிரித்தான். உள்ளே நெரிஸாவும் சிரித்தாள்.

அவன் போனதும் அவள் கருவாட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “அவனுக்கு எப்பவோ கிடைச்சிருக்கணும், பாவம். கேப்டனுக்கு அவன்னா உசிருன்னு நீயே சொல்லுவியே டெல்.”

“நான் எப்ப சொன்னேன்?”

“எப்ப சொல்லல? சோத்துல கை வெச்சா அதத்தானே சொல்ற.”

அன்று ராத்திரி டெல்ஃபின் அந்தக் கருவாட்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவைத்தான்.

அடுத்த வாரம் அவன் தனியாக இலோய்லோ நகருக்குப் போய் நோட்டரி வக்கீல் சொலிவாவிடம் பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டான். பொய் சொல்ல அவனுக்கு மனமில்லை, உண்மையைச் சொல்லவும் மனமில்லை. ஜீப்னி வண்டியில் வரும்போதே வாக்கியத்தை நூறுதரம் உருட்டிப் பார்த்திருந்தான். ‘மேற்படி ஃபவுலான் கப்பலில் மாலுமியாகப் பணியாற்றினார், தேவைப்பட்ட வேளைகளில் முறையில் இருந்த அதிகாரிக்கு உதவியாக நின்றார்.’ ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்தான். எந்தச் சொல்லும் தனியாகப் பொய் இல்லை. சேர்ந்து நின்றால் பிட்டோய் மறுபடியும் மூங்கில் படலுக்குள் போய்விடுவான். டெல்ஃபின் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு கிண்ணம் பாட்சோய் வாங்கி, நூடுல்ஸையும் ஈரலையும் ருசித்துச் சாப்பிட்டான்.

கடல்துறை அலுவலகத்துக்கு இருவரும் ஒரே நாளில் போனார்கள். டெல்ஃபினும் தன் உரிம வேலையை முடித்துக்கொள்ள நினைத்திருந்தான். வாசலில் பத்திரத்தை மடித்துக் கொடுத்தான். பிட்டோய் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. முத்தம் கொடுத்துத் தன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டான். அப்படிப் பிரிக்காமல் போட்டுக்கொண்டதும் டெல்ஃபினுக்கு எரிச்சலாக இருந்தது. நம்புவதிலும் இவனுக்குத்தான் முதலிடமா?

“எழுத்து வரிசப்படி நீதான் பரே முன்னால.”

“இன்னிக்கி நீ போ,” என்றான் டெல்ஃபின்.

மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மாள் நிதானமானவள். பிட்டோயின் புத்தகம், கப்பல் கிளம்பியபோது எழுதிய பழைய ஆள்பட்டியல், கேப்டன் ஏன் சாட்சி சொல்ல வரவில்லை என்பதற்காக அவருடைய இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு கடைசியாகப் பத்திரத்தைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“சார், இதுல மாலுமின்னுதான் இருக்கு. உதவியா நின்னார்னு போட்டிருக்கு. உதவியா நிக்கறது அதிகாரி சேவை ஆகாது.”

பிட்டோய் திரும்பிப் பார்த்தான். “டைப் அடிச்சவன் தப்பா பரே?”

“அப்படித்தான் இருக்கும். பாக்கறேன்,” என்றான் டெல்ஃபின். குரல் நன்றாகத்தான் வந்தது. பிட்டோயின் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியதை அவன் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டான். எத்தனை வருட ஆசை அது. ஆனால் நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

“சரி, தள்ளி உக்காருங்க. அடுத்தவர்,” என்றாள் அம்மாள்.

டெல்ஃபின் தன் புத்தகத்தை நீட்டினான். கேப்டனின் கையெழுத்துள்ள பக்கத்தை அவனே திறந்து கொடுத்தான். அம்மாள் பார்த்தாள். பிட்டோயின் காகிதங்கள் இன்னும் மேசைமேல்தான் கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தாள்.

“நீங்க கப்பல விட்டு இறங்கினதா இங்க ஒரு தேதி இருக்கு. அதுக்குக் கீழ கேப்டன் கையெழுத்து இருக்கு.”

“ஆமா மேடம்.”

“அந்தத் தேதிக்கு முன்னாடியே கேப்டன் இறந்துட்டாரே சார்.”

டெல்ஃபின் எட்டி இரண்டு தேதிகளையும் பார்த்தான்.

கப்பல்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. இறங்குகிற நாளில் படகு காத்திருக்காது, கேப்டன் எங்கே இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே முன்கூட்டியே கையெழுத்தை வாங்கி, தேதிக்கு இடம் விட்டு வைத்துக்கொண்டு, இறங்கும்போது தாங்களே எழுதிக்கொள்வார்கள். கேப்டனை நெஞ்சுவலியோடு படகில் இறக்கிய அன்று பிட்டோய் அவரைத் தோளில் தாங்கி ஏணியில் இறக்கிக்கொண்டிருந்தான். டெல்ஃபின் பேனாவையும் புத்தகத்தையும் அவர் கைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். மற்ற யாருக்கும் தோன்றாத சாமர்த்தியம் என்று இத்தனை நாளாக அதை நினைத்து மார்தட்டிக்கொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பும் விமானத்தில் தேதியை நிரப்பினான். நடுவில் மனிதர் செத்துப்போனது பேனாவுக்குத் தோன்றவில்லை.

“எல்லாரும் இப்படித்தான் மேடம் செய்வாங்க. முன்னாடியே வாங்கி வெச்சது.”

“எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க. ஆனா இத நான் எடுத்துக்க முடியாது. அந்தக் காலத்துல கப்பல்ல இருந்த அதிகாரி யாராவது உங்களுக்காகச் சத்தியம் பண்ணட்டும்.”

டெல்ஃபின் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“மேடம், அவன் ரெண்டாம் மேட்டுதான். நான் சொல்றேன். தெனமும் பன்னெண்டு மணிக்கு என்கிட்டருந்து மொற மாத்திக்கிட்டவனே இவன்தான்.”

“உங்ககிட்டருந்தா? அப்ப நீங்க யாரு?”

“மூணாம் மேட்.”

“பேப்பர்ல அப்படி இல்லையே,” என்று அம்மாள் பத்திரத்தைத் தொட்டுக் காட்டினாள். “நீங்க மாலுமின்னு இவருதான் சத்தியம் பண்ணியிருக்காரு. மாலுமி சொல்றத வெச்சு அதிகாரிக்கு நான் எழுத முடியாது.”

பிட்டோய் பத்திரத்தைப் பார்த்தான், டெல்ஃபினைப் பார்த்தான். டெல்ஃபினின் முகத்தில் இருந்ததைப் படிக்க அவனுக்கு வக்கீல் தேவைப்படவில்லை. உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

படிக்கட்டில்தான் டெல்ஃபின் அவனைப் பிடித்தான்.

“டைப் அடிச்சவன் தப்பு இல்ல,” என்றான் பிட்டோய்.

“இல்ல.”

“ஏன்டா?” பரே என்ற சொல் காணாமல் போயிருந்தது.

டெல்ஃபின் எத்தனையோ நல்ல காரணங்களைத் தேடினான். வாயில் வந்தது வேறு. “நீ பாடினா அவ கரண்டியோட ஓடி வரா.”

“என்னது?”

“கேப்டன் உன்கிட்ட சிரிச்சிக்கிட்டே இருப்பாரு. நான் கதவத் தெறந்தா நிறுத்திடுவாரு.”

பிட்டோய் அவனை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “மொற மாத்தற நேரத்துல சிரிச்சிக்கிட்டு நிக்க முடியுமாடா? திசை சொல்லணும், வேகம் சொல்லணும், எதிர்ல வர கப்பலச் சொல்லணும். அதுக்குத்தான் நிறுத்துவோம். நீதானே அடுத்த நாலு மணி நேரம் ஓட்டணும்?”

டெல்ஃபின் அதை நம்பவில்லை. நம்பினால் இத்தனை வருட எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“எம் பொண்ணு கேக்கறா, அப்பா நீ ஆபீசரா இல்லியான்னு,” என்றான் பிட்டோய். “நான் உன் வேலையக் கேக்கல. உன் கப்பலக் கேக்கல. பாத்ததச் சொல்லுன்னு கேட்டேன். த்தூ.” துப்பியது படிமேல்தான் விழுந்தது. டெல்ஃபின்மேல் விழுந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வக்கீல் சொலிவாவின் அறை தெருமுனையில்தான். ஆபீஸில் இரண்டு பேர் காகிதமும் நின்றுபோனதைச் சொல்லி, திருத்தப் பத்திரம் எழுத வேண்டும் என்று டெல்ஃபின் கேட்டான். பிட்டோய் உள்ளே வந்து உட்காராமல் கதவுப்பக்கமே நின்றுகொண்டான். ஃபவுலான் மூன்றாம் மேட்டாகவே பணியாற்றினார், தன்னிடம் தினமும் முறை ஒப்படைத்தார் என்பது வரை வக்கீல் தட்டச்சில் அடித்துக்கொண்டே போனார். பிறகு விரல் நின்றது.

“முன்னாடி கொடுத்தது ஏன் தப்பா இருந்ததுன்னு காரணம் போடணும். கவனக்குறைவுன்னு போட்டுடறேன். எல்லாரும் அதான் போடுவாங்க, ஆபீஸ்லயும் கேள்வி வராது. ரெண்டு பேருக்கும் வேல ஆயிடும்.”

டெல்ஃபின் திரும்பிப் பிட்டோயைப் பார்த்தான்.

“கவனக்குறைவுன்னே போடுங்க அட்டர்னி,” என்றான் பிட்டோய் அலுப்போடு. “போய்த் தொலையட்டும். எனக்கு மூணாம் மேட்டுன்னு இருந்தாச் சரி.”

அவ்வளவுதான், டெல்ஃபினுக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. முதல் மேட் வேலையைக்கூட இவன் பிச்சைபோட்டு நான் வாங்க வேண்டுமா? இதையும் மன்னித்துவிட்டு, நாளைக்கு மைக்கைப் பிடித்துப் பாடுவான். நெரிஸா கரண்டியோடு வருவாள். கேட்டில் இருக்கும் பொன் நங்கூரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவன் கொடுத்தது என்று இருக்கும். பெரிய மனுஷன் பட்டத்தையும் இவனுக்கே விட்டுக்கொடுக்க டெல்ஃபினால் முடியவில்லை. அதோடு, அந்தப் பத்திரத்தில் கவனக்குறைவு என்று ஒன்று இருந்ததே இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக அவன் வேறெதையும் எழுதியதில்லை.

“கவனக்குறைவு இல்ல,” என்றான். “தெரிஞ்சேதான் எழுதினேன். இவன்மேல பொறாம. அதப் போடுங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “இப்படி எழுதினா உங்களக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. முடியறவரைக்கும் உங்க உரிமம் நகராது. அந்தக் கப்பல் உங்களுக்காக நிக்காது. தெரியுதா?”

“தெரியுது.”

“வீட்ல கேட்டுட்டு வாங்களேன்.”

“அவளுக்கும் தெரியட்டும். அடிங்க.”

வக்கீல் அடித்தார். அந்த ஒரு சொல்லை அடிக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. டெல்ஃபின் கையெழுத்துப் போட்டான். பிட்டோய் தன் பிரதியை வாங்கி, இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நின்றபடியே படித்தான். படித்துவிட்டு மடிக்காமல் அதை மேசைமேலேயே வைத்தான்.

“இப்ப நான் பேப்பர்லயும் அதிகாரிதானே அட்டர்னி?”

“ஆபீஸ்ல முத்திர வெச்சதும்.”

“அப்ப இவனுக்கும் ஒண்ணு அடிங்க. ரெண்டாம் மேட்டா இருந்தான்னு நான் சாட்சி.”

“இவருக்கா?” என்றார் வக்கீல்.

“இருந்தது இருந்ததுதானே.”

பிட்டோய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னான், வக்கீல் அடித்தார். டெல்ஃபினிடம் கொடுத்தபோது பிட்டோய் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போய், வந்த ஜீப்னியில் ஏறிக்கொண்டான். பக்கத்தில் இடம் இருந்தும் கூப்பிடவில்லை.

டெல்ஃபின் தெருவோரத்தில் நின்று அந்தத் தாளைப் படித்தான். மறுபடியும் படித்தான். எங்கேயாவது ஒரு குத்தல், ஒரு ‘உதவியாக’, ஒரு ‘தேவைப்பட்ட வேளைகளில்’ ஒளிந்திருக்கிறதா என்று சொல் சொல்லாகத் தட்டிப் பார்த்தான். கப்பலின் பெயர், அவன் பெயர், அவன் பதவி, தினமும் நண்பகலில் சரியான நேரத்துக்கு வந்து முறை மாற்றிக்கொண்டார் என்று ஒரு வரி. ஒரு முள்கூட இல்லை. டெல்ஃபினுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.